தஞ்சாவூர் பொம்மை ஆடி நிற்கும்... காற்றாலை இறக்கை?

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை ஒருமுறை தட்டிவிடுங்கள். முதலில் வேகமாக ஆடும். ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு நின்றுவிடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வீச்சு எவ்வளவு குறைகிறது என்று கவனித்தால், அசைவை அடக்கும் சக்தி அதற்கு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். பொறியாளர்கள் இதை 'அதிர்வுத் தணிப்பு' என்கிறார்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளின் இறக்கைகளுக்கும் அடிப்படையில் இதே சோதனைதான்!

டெல்டாவுக்கு என்ன சம்பந்தம்?

தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கும் அதிகமான திறனுள்ள காற்றாலைகள் இருக்கின்றன. அவை அதிகம் சுழல்வது மே முதல் செப்டம்பர் வரை. தஞ்சைப் பக்கம் குறுவைக்காக பம்புசெட்டுகள் ஓடுவதும் இந்த மாதங்களில்தான். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மின்சாரத்தில் தென்மாவட்டக் காற்றுக்கும் பங்கு உண்டு.

எப்படி அளக்கிறார்கள்?

கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்துச் செய்யப்படுபவை இந்த இறக்கைகள். சோதனைக்கூடத்தில் அடிப்பகுதியை போல்ட் போட்டு இறுக்கி, நுனியைக் கயிற்றால் இழுத்து, சட்டென்று விட்டுவிடுவார்கள். இறக்கை ஆடி அடங்கும்வரை சென்சார்கள் ஒவ்வொரு வீச்சையும் பதிவு செய்யும். ஓர் ஆட்டத்துக்கு 3% வீதம் வீச்சு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பாதியாகவே சுமார் 23 ஆட்டங்கள் ஆகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தட்டையான பக்கமாக ஆடும்போது காற்றே இறக்கையைத் தடுத்துவிடும். தணிப்பு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். விளிம்புப் பக்கமாக ஆடும்போது அந்த உதவி மிகக் குறைவு. 1990-களில் ஐரோப்பாவில் சில காற்றாலைகளுக்குத் தொல்லை கொடுத்ததும் இந்த விளிம்பு அதிர்வுதான். அதனால் இரண்டு திசையிலும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அக்கறை?

தணிப்பு போதாவிட்டால், ஒரு அதிர்வு அடங்குவதற்குள் அடுத்தது சேர்ந்துகொள்ளும். ஆண்டுக்கணக்கில் இப்படி ஆடினால் ஒட்டிய இடம் விடும், விரிசல் விழும். ஓர் இறக்கையின் அதிர்வு வேகமோ தணிப்போ பழைய அளவிலிருந்து மாறியிருந்தால், 'உள்ளே ஏதோ கோளாறு இருக்கலாம், சோதித்துப் பார்' என்று அர்த்தம்.

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று சக்தி நிறுவனத்துக்கு, தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறில் காற்றாலைச் சோதனை நிலையம் இருக்கிறது. ஓடும் காற்றாலையின் இறக்கைகள் தாங்கும் விசையை அளக்கும் வசதி அங்கே உண்டு.

இப்போது இதற்கு அவசரமும் சேர்ந்திருக்கிறது. பழைய காற்றாலைகளை மாற்றுவது, புதுப்பிப்பது, ஆயுளை நீட்டிப்பது குறித்து தமிழ்நாடு அரசு 2024-ல் ஒரு கொள்கையை வெளியிட்டது. இருபது வருடம் சுழன்ற இறக்கை இன்னும் சில வருடம் தாங்குமா என்பதை வெளிப்பூச்சைப் பார்த்துச் சொல்ல முடியாது. தட்டிப் பார்த்து, ஆட்டம் அடங்குவதை அளப்பதும் அதை அறிய உதவும்.