செய்தியில் வராத குண்டுக் கணக்கு

2022 பிப்ரவரி 24ஆம் தேதி உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்தது. அடுத்த சில நாட்களிலேயே, கீவ் நகர வானில் தனியொருவராக ரஷ்ய விமானங்களைச் சுட்டு வீழ்த்திக்கொண்டிருக்கும் ஒரு விமானியின் கதை உலகமெங்கும் பரவியது. 'கீவ் நகரத்தின் பேய்' என்று அவருக்குப் பெயரும் வைத்தார்கள். ஆதாரமாகப் பகிரப்பட்ட வீடியோக்களில் ஒன்று கணினி விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. ஏப்ரல் இறுதியில் உக்ரைன் விமானப்படையே, அது மக்கள் உருவாக்கிக்கொண்ட நாயகன் என்று ஒப்புக்கொண்டது. கருங்கடலின் பாம்புத் தீவில் ரஷ்யப் போர்க்கப்பலிடம் சரணடைய மறுத்த காவலர்கள் அனைவரும் உயிர்நீத்துவிட்டதாக முதல் நாளிலேயே அறிவிப்பு வந்தது. அவர்கள் சிறைபிடிக்கப்பட்டு உயிரோடு இருந்தது சில நாட்களில் தெரியவந்தது. ரஷ்யத் தரப்பின் பொய்களோ இன்னும் பெரியவை, சட்டத்தின் காவல் பெற்றவை. போரைப் போர் என்று சொல்லக்கூடாது, 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்றே சொல்லவேண்டும். ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை என்று மார்ச் 4ஆம் தேதியே சட்டம் போட்டுவிட்டார்கள். உக்ரைன் ஏவுகணைகள் தாக்கி மாஸ்க்வா போர்க்கப்பல் மூழ்கியபோது, கப்பலில் தீப்பிடித்து வெடிமருந்து வெடித்தது என்றுதான் மாஸ்கோ சொன்னது.

போர்க்காலப் பொய் என்றதும் நம் நினைவுக்கு வருபவை இவைதான். நடக்காததை நடந்ததாகச் சொல்வதும் நடந்ததை மூடி மறைப்பதும். இவற்றை அம்பலப்படுத்த இன்று ஆட்கள் இருக்கிறார்கள், செயற்கைக்கோள் படங்களும் இருக்கின்றன. ஆனால் இவற்றைவிட அதிகத் தீங்கு செய்யும் இன்னொரு வகைப் பிரசாரம் உண்டு என்பதே என் வாதம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வீரர்களின் தீரத்தையும் தலைவர்களின் சூளுரையையும் புதிய ஆயுதத்தின் வல்லமையையும் இரவு பகலாகக் காட்டிவிட்டு, ஒரு மாதத்தில் எத்தனை குண்டு தயாராகிறது, எத்தனை செலவாகிறது என்ற கணக்கை மட்டும் மக்கள் பார்வைக்குக் கொண்டுவராமல் இருந்தாலே போதும். எதிரி இதில் ஏமாறுவதில்லை. எதிரித் தளபதிகளுக்கு அந்தக் கணக்கு ஓரளவு தெரிந்தே இருக்கும். ஏமாறுகிறவர்கள் சொந்த நாட்டு மக்களும் நேச நாட்டு மக்களும்தான். அதற்கான விலையைப் பதுங்குகுழியில் இருக்கும் சிப்பாய் கொடுக்கிறான்.

இந்தக் கணக்கு எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூக்கில் பொருத்தும் ஃப்யூஸ் இல்லாமல் ஏறத்தாழ இரண்டடி நீளம், சுமார் 45 கிலோ எடை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்க்ரான்டன் நகரில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கக் கட்டிய பட்டறைகளில்தான் இதன் கூடு இன்றும் தயாராகிறது. எஃகுக் கம்பத்தைத் துண்டு போட்டு, ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி, செக்கச்செவேலென்று இருக்கும்போதே பிரஸ்ஸில் குத்திக் குழலாக்குகிறார்கள். பிறகு கடைசல், வாய்ப்பகுதியைச் சுருக்குதல், மறுபடி சூடேற்றிப் பதப்படுத்துதல். வெற்றுக் கூடு அங்கிருந்து அயோவா மாநிலத்துக்குப் பயணமாகிறது. அங்கே உருக்கிய வெடிமருந்தை ஊற்றி மெல்ல ஆறவைத்து, உள்ளே குமிழியோ விரிசலோ இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். இருந்தால், சுடும்போது பீரங்கிக்குள்ளேயே வெடித்துச் சுடுகிறவர்களைக் கொன்றுவிடும். இப்படி ஊற்றும் டிஎன்டி வெடிமருந்தைத் தயாரிப்பதை அமெரிக்கா 1980களிலேயே நிறுத்திவிட்டது. போலந்திலிருக்கும் ஒரு தொழிற்சாலையைப் பெரிதும் நம்பியிருந்தது. கென்டக்கியில் புதிய டிஎன்டி ஆலை கட்ட ஒப்பந்தம் போட்டது 2024 நவம்பரில்தான். குண்டை வெளியே தள்ளும் உந்துமருந்துக்கு நைட்ரோசெல்லுலோஸ் வேண்டும். அதன் மூலப்பொருள் பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு. ஐரோப்பா அதன் பெரும்பகுதியைச் சீனாவிலிருந்து வாங்கிவந்தது. ஒரு பிரஸ்ஸுக்கு ஆர்டர் கொடுத்தால் வந்து சேர மாதங்கள் ஆகும். கடைசல்காரரைப் பழக்கி எடுக்கவும் மாதங்கள் ஆகும். எந்த மேடைப் பேச்சாலும் இந்தக் காலத்தைச் சுருக்க முடியாது.

போர் தொடங்கியபோது அமெரிக்கா மாதம் 14,000 குண்டுகள் செய்துகொண்டிருந்தது. நாளொன்றுக்கு ஐயாயிரம் சுட்டால் அது மூன்று நாளுக்குக்கூடக் காணாது. உக்ரைனோ பல மாதங்கள் அந்த அளவுக்கும் மேலே சுட்டது. இந்த எளிய வகுத்தல் கணக்கு 2022ஆம் ஆண்டின் செய்திகளில் எங்கே இருந்தது? அந்த ஆண்டு நாம் அதிகம் கேட்டது, ரஷ்யாவிடம் ஏவுகணை தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதைத்தான். ரஷ்ய ராணுவம் பாத்திரம் கழுவும் இயந்திரங்களிலிருந்தும் குளிர்பதனப் பெட்டிகளிலிருந்தும் சிப்புகளைப் பிடுங்கித் தளவாடங்களைப் பழுதுபார்க்கிறது என்று ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லையனே செப்டம்பரில் சொன்னார். அந்தப் பக்கம் ஓய்ந்துவிடும் என்று நம்புகிறவர், இந்தப் பக்கம் புதிய ஆலை எதற்கு என்றுதான் யோசிப்பார். உக்ரைன் சுடும் வேகம் நேட்டோ நாடுகளின் உற்பத்தியைப்போலப் பல மடங்கு என்று அன்றைய பொதுச்செயலர் ஸ்டோல்டன்பர்க் வெளிப்படையாகச் சொன்னது 2023 பிப்ரவரியில். போர் தொடங்கி ஓராண்டு போய்விட்டிருந்தது. மறுமாதம், பன்னிரண்டு மாதங்களில் பத்து லட்சம் குண்டுகள் தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் வாக்களித்தது. கெடு முடிந்தபோது தந்தது ஏறக்குறைய பாதி. ரஷ்யா ஆண்டுக்கு முப்பது லட்சம் குண்டுகள்வரை செய்கிறது என்பது அப்போதைய நேட்டோ மதிப்பீடு. போதாததற்கு, வடகொரியா ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்டெய்னர்களில் ரஷ்யாவுக்குத் தளவாடங்கள் அனுப்பியதாக 2023 அக்டோபரில் அமெரிக்கா அறிவித்தது. இடையில் 2023இல் ஜெர்மன் லெப்பர்ட் டாங்கிகள் போரின் போக்கையே மாற்றிவிடும் என்று படம் போட்டுப் பேசினார்கள். 2024 பிப்ரவரியில் கிழக்கு உக்ரைனின் அவ்தீவ்கா நகரம் வீழ்ந்தது. வீழ்ச்சிக்குக் காரணம் பல. ஆனால் அங்கே உக்ரைன் பீரங்கிகள் குண்டுக்காகக் காத்துக்கிடந்தது அவற்றுள் முதன்மையானது.

இது புதிய நோயும் அல்ல. 1914 செப்டம்பரில் பிரிட்டன் லண்டனில் வெலிங்டன் ஹவுஸ் என்ற கட்டடத்தில் ரகசியப் பிரசார அலுவலகம் ஒன்றைத் திறந்தது. பேர்பெற்ற எழுத்தாளர்களைக் கூட்டி வைத்து எழுதச் சொன்னது. பத்திரிகைகளில் தணிக்கை கடுமையாக இருந்தது. அந்தச் சூழலில் 1915 மே 9ஆம் தேதி பிரான்ஸில் ஓபேர் மேட்டின்மீது பிரிட்டிஷ் படை தாக்குதல் தொடுத்தது. முன்னேற்பாடாகப் பீரங்கிகள் முழங்கியது வெறும் நாற்பது நிமிடம்தான். பதுங்குகுழிகளைத் தகர்க்கும் வகைக் குண்டு கையிருப்பில் போதுமானதாக இல்லை. ஒரே நாளில் சுமார் 11,000 பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். டைம்ஸ் நாளிதழின் ராணுவச் செய்தியாளர் ரெப்பிங்டன், குண்டுப் பற்றாக்குறையே தோல்விக்குக் காரணம் என்று எழுத, மே 14 அன்று அது வெளிவந்தது. அவருடைய நோக்கம் முழுக்கத் தூயது என்று சொல்லமாட்டேன். பழியை லண்டன்மீது தள்ள விரும்பிய தளபதி ஜான் ஃப்ரெஞ்ச் அவருக்குத் தகவல் கொடுத்தார். ஆனாலும் சொன்னது உண்மை. டைம்ஸின் உரிமையாளர் நார்த்கிளிஃப், தம்முடைய இன்னொரு நாளிதழான டெய்லி மெயிலில் போர் அமைச்சர் கிச்சனரையே நேரடியாகக் குற்றம்சாட்டினார். மக்கள் கொதித்தெழுந்து அந்தப் பத்திரிகையைக் கொளுத்தினார்கள், விற்பனை சரிந்தது. ஆனால் அந்த மாதமே கூட்டணி அரசு அமைந்தது, அடுத்த மாதம் லாய்ட் ஜார்ஜ் தலைமையில் தளவாட அமைச்சகம் பிறந்தது.

அதன்பின் நடந்ததுதான் கவனிக்கவேண்டியது. ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னா என்ற இடத்தில் புதிதாக ஒரு பெரும் வெடிமருந்து ஆலை எழுந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்கு வந்தார்கள். நாடெங்கும் குண்டு ஆலைகளில் டிஎன்டியைக் கையாண்ட பெண்களுக்குத் தோல் மஞ்சளாகிப்போனது, சிலர் அந்த நஞ்சாலேயே இறந்தார்கள். கார்டைட் என்ற உந்துமருந்துக்குத் தேவையான அசிட்டோன் கிடைக்காமல், அதைத் தயாரிக்க 1917இல் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக் கஷ்கொட்டைக் காய் பொறுக்கிவர அனுப்பினார்கள். (நீலகிரியில் அருவங்காட்டில் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் நிறுவிய கார்டைட் தொழிற்சாலை இதே உந்துமருந்துக்காக உருவானதுதான். இன்றும் அது இயங்குகிறது.) முழுப் பலன் உடனே வரவில்லை. 1916 ஜூலை 1க்கு முந்தைய ஒரு வாரத்தில் பிரான்ஸின் சோம் களத்தில் பதினைந்து லட்சம் குண்டுகள் பொழிந்தார்கள். அவசரத்தில் செய்தவற்றில் ஏராளமானவை வெடிக்கவே இல்லை. தாக்குதலின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் இழப்பு, காயமடைந்தோரையும் சேர்த்து 57,000க்கும் மேல். இரண்டே ஆண்டு கழித்து, 1918 செப்டம்பர் இறுதியில், ஒரே நாளில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுடும் நிலைக்கு அதே படை வந்திருந்தது. வெலிங்டன் ஹவுஸின் நூல்கள் எத்தனை பேரின் மனத்தை மாற்றின என்று அறுதியிட்டுச் சொல்ல வழியில்லை. கொளுத்தப்பட்ட பத்திரிகையோ ஆலைகளை எழுப்ப உதவியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மன உறுதி இல்லாவிட்டால் ஆலையே எழாது, கீவ் வீழாது என்ற நம்பிக்கையைப் பரப்பியிராவிட்டால் உக்ரைனுக்கு யார் உதவியிருப்பார்கள் என்று கேட்கலாம். முதல் சில வாரங்களுக்கு இது சரியே. கீவைக் கைவிட்டு ஓடாமல் மக்களில் பலர் நின்றதற்கும், உலகம் கைகொடுத்ததற்கும் அந்தக் கதைகளும் ஒரு காரணம். ஆனால் அந்த உறுதியை நீண்டகாலம் தாங்கிநின்றது கதை அல்ல. தலைநகரை விட்டு வெளியேறாத அதிபர், கீவ் அருகே புச்சாவில் கண்ட பொதுமக்களின் பிணங்கள், இடிந்த வீடுகள் ஆகிய உண்மைகள்தான். கட்டுக்கதை முதல் மாதத்துக்கு உதவலாம். மூன்றாம் ஆண்டில், 'வென்றுகொண்டுதானே இருக்கிறார்கள், இன்னும் எதற்குப் பணம்' என்று கேட்கத் தூண்டுவதும் அதே கதைதான். அமெரிக்க நாடாளுமன்றத்தில் 6,100 கோடி டாலர் உதவி மாதக்கணக்கில் முடங்கிக்கிடந்து, 2024 ஏப்ரலில்தான் நிறைவேறியது. அரசியல் பேரங்கள் அதன் உடனடிக் காரணம். அவற்றுக்கு இடம் கொடுத்தது அவசரம் உணராத பொதுமனம்.

தயாரிப்புக் கணக்கு ராணுவ ரகசியம் அல்லவா என்றும் கேட்பார்கள். எந்தக் கிடங்கில் எத்தனை என்பது ரகசியமாக இருக்கவேண்டும். ஒரு நாட்டின் மாத உற்பத்தி போதுமா போதாதா என்பது அப்படியல்ல. அவ்தீவ்கா எதிரே நின்ற ரஷ்யருக்கு, தம்மேல் விழும் குண்டுகள் குறைந்ததை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பெரிய ஆலை உள்ளவனே வெல்வான் என்றால் வியட்நாமில் அமெரிக்கா ஏன் தோற்றது என்ற கேள்வி இன்னும் கனமானது. ஆலை இருந்தால் வெற்றி நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. நோக்கம் பிழையாக இருந்தால் எவ்வளவு குண்டு போட்டும் பயனில்லை. ஆனால் வட வியட்நாமின் தலைநகரான ஹனோய்க்குப் பின்னால் சோவியத், சீன ஆலைகள் இருந்ததை மறக்கக்கூடாது. இன்னொன்றும் உண்டு. 1967 நவம்பரில் வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படையின் தளபதி வெஸ்ட்மோர்லாண்ட் வாஷிங்டனுக்கு வந்து, போரின் முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்ற தொனியில் பேசினார். இரண்டே மாதத்தில் தென் வியட்நாம் நகரங்கள்மீது டெட் தாக்குதல் வந்தது. களத்தில் அதில் பெரும் இழப்பைச் சந்தித்தவர்கள் கம்யூனிஸ்ட் படையினர். ஆனால் அமெரிக்க மக்களுக்கு அரசின் சொல்லில் இருந்த நம்பிக்கை போய்விட்டது. கணக்கை மறைத்தவர்களே கடைசியில் அதன் விலையைக் கொடுத்தார்கள். ட்ரோன் யுகத்தில் பீரங்கிக் குண்டு எதற்கு என்ற வாதமும் நெடுநேரம் நிற்காது. ட்ரோனுக்கும் மோட்டார், பேட்டரி, சிப் வேண்டும். அவற்றில் பெரும்பகுதி சீனாவில் செய்யப்படுகிறது. பொருள்தான் மாறியிருக்கிறது.

இரு தரப்பின் பொய்களையும் பேசுவதால் படையெடுத்தவனையும் படையெடுக்கப்பட்டவனையும் ஒரே தட்டில் வைப்பதாகாது. உக்ரைனின் நியாயத்துக்கு 'பேய்' விமானி தேவைப்படவில்லை. குண்டுதான் தேவைப்பட்டது.

இது நமக்கும் தூரத்து விவகாரமல்ல. இந்தியத் தலைமைத் தணிக்கையாளர் 2017இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை, முந்தைய செப்டம்பர் நிலவரப்படி 152 வகை வெடிபொருட்களில் 61 வகை பத்து நாள் போருக்குக்கூடப் போதாது என்றது. 2025 மே 8ஆம் தேதி இரவு, பாகிஸ்தானுடனான மோதலின்போது, கராச்சித் துறைமுகம் எரிகிறது என்று பல தொலைக்காட்சிகள் கூவின. அப்படி எதுவும் நடக்கவில்லை. நம் போர் விமானங்களையும் இழந்தோம் என்பதை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டது மே 31ஆம் தேதி. எத்தனை விமானம் என்பதைவிட ஏன் விழுந்தன என்பதே முக்கியம் என்றார். அதற்கு இரண்டு நாள் முன்பு டெல்லியில் தொழில்துறையினர் கூட்டத்தில் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங், தமக்குத் தெரிந்து எந்தவொரு திட்டமும் குறித்த காலத்தில் முடிந்ததில்லை என்று வெளிப்படையாகவே வருந்தினார். செய்தி ஆசிரியர்கள் மாதம் தவறாமல் துருவிக் கேட்டிருக்கவேண்டிய விஷயம் அது. உள்நாட்டில் தயாராகும் 83 தேஜஸ் மார்க் 1ஏ போர் விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டார்கள். 2024 மார்ச்சில் முதல் விமானம் வந்திருக்கவேண்டும். அமெரிக்காவிலிருந்து எஞ்சின் வரத் தாமதமானது ஒரு முக்கியக் காரணம். ஏ.பி. சிங் பேசிய நாள்வரை ஒன்றுகூட விமானப்படையின் கைக்கு வந்திருக்கவில்லை.