ஐம்பது கார், நூற்றேழு கார்

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 150 பேர் கூடித் தொழுகிற ஒரு கட்டடம். மூன்று பேருக்கு ஒரு கார் என்ற கணக்கில் இடம் விட வேண்டும் என்பது ஊரின் விதி. எத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும்? 50. இதற்குக் காகிதம்கூடத் தேவையில்லை. ஆனால் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கிற பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பின் திட்டக்குழு, இதே கட்டடத்துக்கு 107 என்றது. கட்டப்போவது மசூதி. 50 எப்படி 107 ஆயிற்று என்பதைப் புரிந்துகொண்டால், ஓர் ஊரின் நில விதிகள் சிறுபான்மையினரின் வாழ்க்கைக்குள் எப்படி நுழைகின்றன என்பது விளங்கிவிடும். அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஜோனிங் என்றால் என்ன? சென்னையில் மனை வாங்கியவர்களுக்குக் குடியிருப்பு மண்டலம், வணிக மண்டலம் என்ற பேச்சு பழக்கம். வீட்டுக்குப் பக்கத்தில் இரும்புப் பட்டறை வரக்கூடாது, பள்ளிக்கு எதிரில் ரசாயனக் கிடங்கு வரக்கூடாது என்று ஊரைப் பிரித்து வைப்பதுதான் ஜோனிங். அமெரிக்காவில் இந்த அதிகாரம் பெரும்பாலும் உள்ளாட்சியின் கையில். ஒஹையோ மாநிலத்து யூக்ளிட் கிராமத்தின் வழக்கில், 1926-ல், இது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல அதிகாரம்தான், தேவையான அதிகாரமும்கூட.

ஆனால் அதற்கு முன்பே, எந்த வீட்டுக்குப் பக்கத்தில் என்ன கட்டடம் என்பதோடு நிற்காமல், யாருக்குப் பக்கத்தில் யார் என்றும் சில ஊர்கள் வரையறுக்கத் தொடங்கியிருந்தன. கென்டக்கியின் லூயிவில் நகரம், வெள்ளையர் அதிகம் வசிக்கும் தெருவில் கறுப்பினத்தவர் குடிவரக் கூடாது என்று 1914-ல் எழுத்திலேயே விதி போட்டது. 1917-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன்பின் இனத்தின் பெயரை விதியில் எழுத வழியில்லை. பெயரை எழுதாமலே அதே காரியத்தைச் சாதிக்க முடியுமா? முடியும். அது 1880-களிலேயே சான் பிரான்சிஸ்கோவில் நடந்திருக்கிறது.

அந்த ஊரில் அப்போது 320 சலவைக்கூடங்கள். அவற்றில் 310 மரக் கட்டடங்கள். மரக் கட்டடத்தில் சலவைக்கூடம் நடத்த நகர மேற்பார்வைக் குழுவின் அனுமதி வேண்டும் என்று ஒரு விதி வந்தது. தீ விபத்தைத் தடுக்கத்தான் என்றார்கள். விதியில் சீனர் என்ற சொல்லே கிடையாது. அனுமதி கேட்ட சீனர்கள் சுமார் 200 பேர், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனர் அல்லாதவர்கள் சுமார் 80 பேர். ஒருவரைத் தவிர அத்தனை பேருக்கும் கிடைத்தது. ‘யிக் வோ’ என்ற சலவைக்கூடத்தை ஒரே இடத்தில் 22 வருடம் நடத்தியவர், தீயணைப்பு அதிகாரிகளின் சான்றிதழையும் சுகாதார அதிகாரியின் சான்றிதழையும் கையில் வைத்திருந்தவர், பத்து டாலர் அபராதம் கட்டாததால் சிறைக்குப் போனார். 1886-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. எழுத்தில் நடுநிலையாக இருக்கும் சட்டத்தை ஓரவஞ்சனையோடு நடத்தினால் அதுவும் சமத்துவ மீறல்தான் என்பது தீர்ப்பின் சாரம்.

நமக்கு இதைப் புரிந்துகொள்ளச் சட்டப் புத்தகம் வேண்டாம். இரட்டைக் குவளை இருந்த டீக்கடைகளை நினைத்தால் போதும். விலைப்பலகையில் எந்தச் சாதியின் பெயரும் இருந்ததில்லை. டீ ஒன்று, காசும் ஒன்று. தேநீர் எந்தக் குவளையில் வந்தது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

இனி பெர்னார்ட்ஸுக்கு வருவோம். அந்த டவுன்ஷிப்பில் உள்ள பாஸ்கிங் ரிட்ஜ் இஸ்லாமியச் சங்கத்தார் ஊரின் வாடகைக் கூடத்தில் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடத்திவந்தவர்கள். சங்கத் தலைவர் முகமது அலி சவுத்ரி வெளியூர்க்காரர் அல்ல. 2004-ல் அதே டவுன்ஷிப்புக்கு மேயராக இருந்தவர். வழிபாட்டுத்தலம் கட்ட விதி இடம்கொடுக்கும் மண்டலத்தில் நாலு ஏக்கர் சொச்சம் நிலம் வாங்கி, சுமார் 4,250 சதுர அடியில் கட்டடம் கட்ட 2012-ல் விண்ணப்பித்தார்கள்.

திட்டக்குழு என்பது அந்த ஊர்க்காரர்களே உட்காரும் குழு. மாலையில் கூடுவார்கள். விண்ணப்பதாரரின் பொறியாளர், போக்குவரத்து நிபுணர் ஒவ்வொருவராகச் சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்ல, ஊர் மக்கள் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். அங்கே ஒருவருடைய மதத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே பேச்சு கார்களைப் பற்றி இருந்தது. விதியில் ‘சர்ச்’ என்றுதான் எழுதியிருக்கிறது, மசூதி அதில் வராது என்றார்கள். தொழுகைக்கு வருகிறவர்கள் வேலையிடத்திலிருந்து தனித்தனிக் காரில் வருவார்கள் என்றார்கள். அப்படித்தான் 50 என்பது 107 ஆயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். அமெரிக்காவில் ஒரு காருக்கான இடம் பொதுவாக ஒன்பதடி அகலம், பதினெட்டடி நீளம். 162 சதுர அடி. கூடுதலாகக் கேட்ட 57 இடத்துக்கு மட்டும் 9,234 சதுர அடி ஆகிறது. வண்டி வந்து திரும்பும் பாதையைச் சேர்க்காமலே, தொழுகைக் கட்டடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இவ்வளவு தார் போட்டால் மழைத்தண்ணீர் மண்ணில் இறங்காது. வடிகால் திட்டத்தை மாற்ற வேண்டும். வடிகாலுக்கு இடம் விட்டால் பக்கத்து வீட்டுக்கு மறைப்பாக நிற்கும் மரவேலி சுருங்கும். வேலி சுருங்கினால் விளக்கு வெளிச்சம் அடுத்த வீட்டு ஜன்னலில் விழும். முதல் எண்ணை மாற்றினால் பின்னால் வரும் ஆட்சேபணைகள் எல்லாம் தாமாகவே முளைக்கும். ஒவ்வொன்றும் பொறியியல் பேசும். 39 கூட்டங்கள் நடந்தன. 2015 டிசம்பரில் வடிகால், வேலி, பாதுகாப்பு என்ற காரணங்களோடு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நடுவில், 2013-ல், குடியிருப்புப் பகுதியில் வழிபாட்டுத்தலம் கட்டக் குறைந்தது ஆறு ஏக்கர் வேண்டும் என்று ஊர் தன் விதியையே மாற்றிக்கொண்டது.

கூட்டத்துக்கு வந்த எல்லோரும் வெறுப்போடு வந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குறுகலான சாலையில் நெரிசல் வருமோ, மழையில் தன் வீட்டுக் கொல்லைக்குத் தண்ணீர் வருமோ என்று பயப்படுவது மனித இயல்பு. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லவே திட்டக்குழு இருக்கிறது. ஆனால் கூட்ட அறைக்கு வெளியே நடந்ததையும் பார்க்க வேண்டும். சங்கத்தின் தபால்பெட்டியில் இருந்த எழுத்துகளை யாரோ மாற்றி ‘ஐஎஸ்ஐஎஸ்’ என்று ஆக்கியிருந்தார்கள் என வழக்கு மனு சொல்கிறது. தன் வீட்டு வாசலில் அப்படி ஒரு பெயரைப் படிக்கிறவருக்கு, உள்ளே நடக்கும் கார்க் கணக்கு வெறும் கார்க் கணக்காகவா தெரியும்?

2016-ல் சங்கம் நீதிமன்றம் போனது. அமெரிக்க நீதித்துறையும் அதே ஆண்டு நவம்பரில் தனி வழக்குத் தொடுத்தது. கைகொடுத்தது, 2000-ல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட ஒரு கூட்டாட்சிச் சட்டம். ‘ஆர்லூப்பா’ என்று சுருக்கிச் சொல்வார்கள். நில விதிகளை வைத்து ஒரு மதத்தை இன்னொரு மதத்தைவிடக் குறைவாக நடத்தக் கூடாது. தக்க காரணமின்றி வழிபாட்டின்மேல் பெரும் சுமை ஏற்றக் கூடாது என்பது அதன் சாரம். இஸ்லாமியருக்காக மட்டும் வந்த சட்டமல்ல இது. தேவாலயமும் யூத ஆலயமும் இந்துக் கோயிலும் இதே நிழலில்தான் நிற்கின்றன. நியூ ஜெர்சித் தமிழர்கள் பலர் போகும் பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேசுவரர் கோயில் இருப்பதும் பெர்னார்ட்ஸ் இருக்கிற சாமர்செட் கவுன்டியில்தான்.

2016 டிசம்பர் 31 அன்று நீதிபதி மைக்கேல் ஷிப் பார்க்கிங் பற்றித் தீர்ப்பளித்தார். சர்ச்சுக்கு ஒரு கணக்கு, மசூதிக்கு வேறு கணக்கு என்றால் அதுவே மதப் பாகுபாடு. காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். 2017 மே மாதம் சமரசம் ஆயிற்று. மசூதி கட்டலாம், டவுன்ஷிப் தரப்பிலிருந்து 32.5 லட்சம் டாலர் தர வேண்டும். அதில் பாதிக்கு மேல் வழக்கறிஞர் செலவுக்கு. அதிகாரிகளுக்குப் பயிற்சியும் சமரசத்தின் ஒரு பகுதி. அந்த ஐந்து வருடத்தில் பக்கத்து வீட்டாருக்கிடையே முறிந்துபோன உறவைத் திருப்பித் தர எந்த ஒப்பந்தத்திலும் வழியில்லை. எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

பாகுபாடு இல்லாமல் இருப்பது என்றால் எல்லாக் கட்டடத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு அனுமதி தருவது என்று பொருளல்ல. 50 இடம் போதாது என்று ஊர் உண்மையாகவே நினைத்தால், விதியை முன்கூட்டியே மாற்றி, அடுத்து வரும் சர்ச்சுக்கும் அரங்குக்கும் அதையே போடட்டும். எங்கள் ஊர், உங்கள் ஊர், எந்த ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இதே கணக்கை இதற்கு முன் யாருக்கெல்லாம் போட்டீர்கள்?” பதில் வந்தால் அமைதியாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம். பதில் வரவில்லையென்றால், வடிகாலையும் வேலியையும் பேசத் தொடங்குவதற்கு முன், அந்த முதல் கூட்டத்திலேயே எழுந்து நில்லுங்கள். முப்பத்தொன்பதாவது கூட்டம் வரை விட்டுவைக்காதீர்கள்.