பல்லை எடுத்த பிறகும் வரிசை ஏன் கலைகிறது?

பள்ளி திறப்பதற்குள் பிள்ளைக்குக் கிளிப் போட்டுவிட வேண்டும் என்று அவசரப்படும் பெற்றோர் எழுதும் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது: இடம் போதாதென்று நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துச் சீரமைத்தால், அந்த வரிசை ஆயுளுக்கும் நிற்குமா? நிற்கும் என்று தரப்படும் உறுதிமொழிக்கு நீண்டகால ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் அவருடைய சகாக்களும், முதல் முன்கடைவாய்ப் பற்கள் எடுக்கப்பட்டு, பற்களைப் புதிய இடத்தில் பிடித்துவைக்கும் ரீடெய்னரையும் விட்டுக் குறைந்தது 10 ஆண்டுகள் கடந்த 65 பேரின் பல் அச்சுகளை அளந்து 1981இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ மூன்றில் இருவருக்குக் கீழ் முன்பற்கள் மீண்டும் நெருக்கியடித்துக் கோணலாகியிருந்தன. 20 ஆண்டு நிலையை ஆராய்ந்த 1988ஆம் ஆண்டுக் கட்டுரையில், வரிசை ஏற்கத்தக்கதாக இருந்தவர்கள் ஏறக்குறைய 10 சதவீதத்தினரே. கிளிப் கழற்றும் நாளன்று எடுத்த புகைப்படத்தை வைத்து வெற்றியை அறிவிக்கும் வழக்கம், இந்த 20 ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இதற்குப் பின்னால் இயங்கும் உடலமைப்பு நுட்பமானது. பல்வேரை எலும்போடு பிணைக்கும் நார்கள் சில மாதங்களில் புதிய நிலைக்குத் தக்கபடி தம்மை மாற்றியமைத்துக்கொள்கின்றன. ஆனால் எலும்பின் விளிம்புக்கு மேலே, ஈற்றுக்குள் பல்லின் கழுத்தைச் சுற்றியிருக்கும் நார்கள் முறுக்கிய கயிற்றைப் போல இழுபட்டே கிடக்கின்றன. நார்வே ஆய்வாளர் ரைட்டன் நாய்களின் பற்களைத் திருப்பிப் பார்த்தபோது, 232 நாள் பிடித்துவைத்த பின்னும் இந்த இழுவிசை தளரவில்லை. அதனால்தான் திருப்பிய பல்லைச் சுற்றி, ஈறு மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கத்தியால் அந்த நார்களை மட்டும் அறுத்துவிடும் சிறு அறுவை முறை வந்தது. அது பல் மீண்டும் திரும்புவதைக் குறைக்கிறது, முற்றிலும் தடுப்பதில்லை.

நார்களின் இழுப்பு தணிந்தாலும் கீழ்த்தாடையில் கோரைப்பற்களுக்கு இடைப்பட்ட அகலமும் பல்வளைவின் நீளமும் வயதோடு சுருங்குகின்றன. சிகிச்சையே பெறாதவர்களிடமும் இது நிகழ்வதால், பல்லை எடுத்து உண்டாக்கிய இடம் அந்தச் சுருக்கத்தை நிறுத்திவிடும் என்று எதிர்பார்ப்பது பிழை. வட கரோலினா பல்கலைக்கழகச் சிகிச்சையகத்தில் பல் எடுக்கும் விகிதம் 1953இல் 30, 1968இல் 76, 1993இல் 28 சதவீதம் என ஏறி இறங்கியது; அந்த இறக்கத்துக்கு, பல்லை எடுத்தும் வரிசை நிலைக்கவில்லை என்ற ஏமாற்றமும் ஒரு காரணம். பல்லை எடுக்காத சிகிச்சையும் நிலைத்து நிற்பதாகச் சொல்ல முடியாது. ஆகவே கடும் நெருக்கம், உதடுகளின் துருத்தல், ஈற்றின் நலம் ஆகியவற்றுக்காகப் பல் எடுப்பது நியாயமே, வரிசை கலையாது என்ற வாக்குறுதிக்காக எடுப்பதுதான் நியாயமற்றது.

பெற்றோரிடமிருந்து வரும் வேறு சில கேள்விகளும் உண்டு. ஞானப்பல்லை எடுத்தால் நெருக்கம் வராதா? அதை நம்பி எடுப்பதற்குப் போதிய சான்று இல்லை.

பல்லை எடுத்து மூடிய இடைவெளி மீண்டும் திறக்குமா? சிலருக்குத் திறக்கும்.

ரீடெய்னர் எத்தனை காலம்? வரிசை வேண்டும் என்று விரும்பும் காலம் முழுவதும். கீழ் முன்பற்களின் பின்புறம் ஒட்டப்படும் கம்பியானால் அதைச் சுற்றிக் காரை படியும் என்பதால், சுத்தம் செய்வதும் ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் தொடர வேண்டும்.