ஹைபிரிட் பற்றரிக்கும் காற்று வேண்டும்

கிளிநொச்சியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 2012ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா. மத்தியான வெயிலில் ஓடும்போது சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிகிறதாம், காலையில் ஒன்றுமில்லையாம். கராஜில் காட்டியபோது, ஹைபிரிட் பற்றரியை முழுதாக மாற்றவேண்டும் என்று, பல மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையொன்றைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். “நானே ஏதாவது செய்து பார்க்கலாமா?” என்று கேட்கிறார்.

செய்யலாம். மத்தியானத்தில் மட்டும் தலைகாட்டும் பழுதென்றால் முதலில் சூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பின்சீற்றோடு ஒட்டிக் கீழே இருக்கும் பிளாஸ்ரிக் சல்லடையைப் பார்த்திருக்கிறீர்களா? பலர் அதை அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். காருக்குள் ஏசி குளிராக்கிய காற்றை ஒரு சிறு விசிறி அந்த வழியாக இழுத்து, சீற்றின் அடியிலுள்ள பற்றரிக்குக் கொடுக்கிறது. நமக்குப் புழுங்கினால் பற்றரிக்கும் புழுங்கும்.

உள்ளே 1.2 வோல்ற் கலங்கள் 120 இருக்கின்றன. ஆறாறாகச் சேர்ந்து 20 கட்டிகள். எல்லாம் தொடராக இணைந்து 144 வோல்ற். தொடரில் ஒன்று நலிந்தால் மற்றவை நல்லவையாக இருந்தும் பயனில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வரத் தடை இருந்த காலத்தில், பழசையும் புதுசையும் கலந்து ரேடியோவுக்குள் போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: பழசு புதுசையும் இழுத்து விழுத்திவிடும். கார்ப் பற்றரியின் நடுவில் இருக்கும் கட்டிகளுக்குத்தான் சூடு அதிகம். அதனால் பெரும்பாலும் அவையே முதலில் நலிகின்றன.

இனி அந்த விசிறி. உருளை வடிவம், சுற்றிவர நெருக்கமான சிறு இதழ்கள். அந்த இதழ்களின் குழிவில் தூசியும் தலைமுடியும் அப்பிக்கொண்டால் விசிறி சுழலும், சத்தமும் வரும், காற்று மட்டும் போகாது. ஆரம்பகாலக் கார்கள் பலவற்றில் சல்லடைக்குப் பின்னால் பில்டரே இல்லை. கிரவல் வீதியில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடினால் செம்மண் நேரே விசிறிக்குத்தான் போகும். அதைவிடக் கொடுமை, அழகுக்காகத் தைத்துப் போடும் சீற் கவர் சல்லடையையே மூடிவிடுவது. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காரின் காற்றுவழியை நாமே அடைத்துவிட்டு, ஹைபிரிட் இந்த நாட்டு வெயிலுக்குச் சரிவராது என்று பேசுகிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய கார்களே நம்மைச் சுமந்தன. அவற்றுக்கு இந்தச் சிறு கவனிப்பாவது நாம் கொடுக்க வேண்டாமா?

வேலை சுலபம். காரை முழுதாக நிறுத்துங்கள். சல்லடையை மெதுவாக நெம்பிக் கழற்றி, வாக்குவம் கிளீனரால் தூசியை வெளியே இழுங்கள். காற்றை உள்ளே ஊதாதீர்கள். பில்டர் இருந்தால் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். விசிறியிலேயே தூசி கட்டியிருந்தால் சீற்றைக் கழற்ற வேண்டிவரும். அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். பற்றரிப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். செம்மஞ்சள் நிற வயர் எங்கே தெரிந்தாலும் கை வைக்காதீர்கள், அது உயிரெடுக்கும் மின்சாரம். இணையத்தில் பார்த்துப் பெட்டியைத் திறந்து கட்டி மாற்றுகிறவர்களை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன்.

சாதாரண 12 வோல்ற் பற்றரியையும் மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் 12க்குக் கீழே காட்டினால் அது நலிந்திருக்கலாம். அந்தச் சின்னப் பற்றரி நலிந்தாலும் பல எச்சரிக்கை விளக்குகள் வேறு காரணமில்லாமல் எரியும்.

இவ்வளவும் செய்தும் முக்கோணம் எரிந்தால், ஸ்கேன் செய்து 20 கட்டிகளின் வோல்ற் அளவையும் எழுத்தில் கேளுங்கள். பொதுவாக ஸ்கேனில் அவை இரண்டிரண்டு சேர்ந்த சோடிகளாகத்தான் தெரியும். ஒரு சோடி மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் பற்றரிதான் பழுது. அந்தத் தாளைக் காட்டாத கராஜுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.