உப்பையும் சீனியையும் பிரித்தறியும் ஒளி

சமையலறை அலமாரியில் அருகருகே இரண்டு ஜாடிகள். ஒன்றில் பொடியுப்பு, மற்றொன்றில் சீனி. அவசரத்தில் தேநீரில் உப்பைப் போட்டுவிட்டுக் கைபிசைந்து நின்ற அனுபவம் பல வீடுகளில் உண்டு. கண்ணுக்கு இரண்டும் வெண்ணிறப் படிகங்களே. நாவில் வைத்தால்தான் உண்மை விளங்கும். ஆனால் நாவின் துணையின்றி, ஒளியைக் கொண்டே இவற்றைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு லேசர் ஒளியைத் தக்க வலிமையுடன் பாய்ச்சினால் சீனி பச்சையாய் மின்னும்; உப்பு இருண்டே கிடக்கும்.

இவ்விந்தையை முதன்முதலில் வெளிப்படுத்தியவர், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர். 1961இல் அவர்கள் 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரைக் குவார்ட்ஸ் படிகத்தினுள் செலுத்தினர். சரிபாதி அலைநீளமுள்ள, அதாவது 347 நானோமீட்டர் அளவிலான புற ஊதா ஒளி சிறிதளவு வெளிப்பட்டது. அதற்குச் சான்றான நிழற்படத்தை ஆய்விதழுக்கு அனுப்பினர். அங்கிருந்தோர் அச்சிறு புள்ளியைத் தூசு என்று கருதி அழித்துவிட்டனராம்! வெற்றிடத்தைச் சுட்டும் அம்புக்குறி மட்டுமே அச்சேறியது.

உப்பு ஏன் மின்னுவதில்லை? அதன் படிகத்தில் ஒவ்வோர் அணுவுக்கும் நேரெதிரே ஒத்த அணு ஒன்று உண்டு. ஒன்றினால் எழும் புதிய ஒளியை மற்றொன்று அழித்துவிடுகிறது. சீனியின் மூலக்கூறோ நம் வலக்கையைப் போன்றது. எப்படித் திருப்பினாலும் வலக்கை இடக்கையாவதில்லை அல்லவா? எதிரிணை இல்லாததால் ஒளி அழிவதில்லை.

நம் உடலின் புரதங்களும் இவ்வாறு ஒரு கை வடிவினவே. இங்குதான் மருத்துவத்திற்கு இதனால் விளையும் பயன் தொடங்குகிறது. புரதத்தின் வடிவமைப்பை அறிந்தால் அதற்கேற்ற மருந்தைத் தேடுவது எளிது. அதனை அறியப் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரில் ஆராய வேண்டும். சர்க்கரை நோயாளிகள் ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் ஒரு புரதமே. டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார் அதன் படிகத்தை முதன்முதலில் எக்ஸ் கதிரில் படம்பிடித்தது 1934இல். முழு வடிவத்தையும் கண்டது 1969இல். முப்பத்தைந்து ஆண்டுப் பொறுமை!

பல புரதங்கள் மயிரிழையின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத படிகங்களையே தருகின்றன. கலங்கிய துளியினுள் அவற்றைக் கண்டெடுப்பது அரிது. கண்டெடுத்தவை வெறும் உப்புப் படிகங்களாய்ப் போவதும் உண்டு. சமையலறைக் குழப்பமேதான்!

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கார்த் சிம்ப்சன் குழுவினர் இதற்கென உருவாக்கிய நுண்ணோக்கியில், உப்புக்கள் பெரும்பாலும் இருளில் மறைகின்றன. நீரில் கரைந்த புரதமும் ஒளிர்வதில்லை. கடைவீதிக் கூட்டம்போல் அது ஒழுங்கற்றுச் சிதறிக் கிடக்கிறது. ஜமாஅத் தொழுகையின் ஸஃப்பைப் போல் அணிவகுத்த படிகம் மட்டுமே மின்னுகிறது.

இதற்குத் தேவையான கடும் ஒளி படிகத்தைப் பொசுக்கிவிடாதா? அதற்காகவே ஒளியை ஃபெம்டோவிநாடித் துடிப்புகளாகச் செலுத்துகின்றனர். ஒரு விநாடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கே ஃபெம்டோவிநாடி. எல்லாம் நம்மவர் முன்பே கண்டதுதான் என்று மார்தட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. எனினும், இத்தகைய துடிப்புகளால் வேதிவினைகளை நடக்கும்போதே கண்டு, 1999இல் நோபல் பரிசு பெற்றவர் எகிப்தில் பிறந்த அஹ்மத் ஸுவைல் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.

இம்முறை குறையற்றதன்று. சமச்சீர் மிகுந்த சில புரதப் படிகங்கள் மங்கலாகவே ஒளிர்கின்றன. சீனியைப் போன்ற பிற பொருள்கள் மின்னி ஏமாற்றவும் கூடும். ஆகவே, புரதத்திலுள்ள டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலம் தனக்கேயுரிய முறையில் ஒளிர்கிறதா என்பதையும் உடன் பார்க்கின்றனர். இரண்டு சாட்சியும் ஒத்துவந்தால் புரதப் படிகமே எனக் கொண்டு, எக்ஸ் கதிர் ஆய்வுக்கு அனுப்புகின்றனர்.