வேகமும் குறியும் சேர்ந்த 'பிராக்டிகல் ஷூட்டிங்': விதிகள் என்ன? இந்தியாவில் தடையாக நிற்பது எது?

ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளியும் ககன் நரங் வெண்கலமும் பெற்றனர். 2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்களுடன் திரும்பினார். ஆனால் உலகின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் பங்கேற்கும் மற்றொரு வகைத் துப்பாக்கி விளையாட்டு இந்தியாவில் பரவலாக அறியப்படவில்லை. 'பிராக்டிகல் ஷூட்டிங்' எனப்படும் நடைமுறைச் சுடுதலும், அதன் உறவான எஃகு இலக்குச் சுடுதலும்தான் அவை.

இந்தப் போட்டிகளின் விதிகளையும் இந்திய ஆயுதச் சட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இடைவெளிக்கான காரணம் புலப்படும். துப்பாக்கியைக் காட்டிலும் அதில் இடும் தோட்டாவே இங்கு முக்கியத் தடையாக இருக்கிறது.

நடைமுறைச் சுடுதல் என்றால் என்ன?

ஒலிம்பிக் போட்டியில் வீரர் ஓரிடத்தில் நின்று, குறிப்பிட்ட தொலைவிலுள்ள இலக்கைச் சுடுகிறார். நடைமுறைச் சுடுதலில் வீரர் ஓட வேண்டும், குனிய வேண்டும், தடுப்புச் சுவரின் ஓரத்திலிருந்தோ சன்னல் போன்ற திறப்பின் வழியாகவோ சுட வேண்டும். இலக்குகள் அருகிலும் தொலைவிலும் இருக்கும். சில அசைந்துகொண்டும் இருக்கும். எந்த இலக்கை முதலில் சுடுவது, எங்கே நின்று மேகசினை மாற்றுவது என்பதைப் பெரும்பாலும் வீரரே தீர்மானிக்கிறார்.

இதற்கான உலக அமைப்பான சர்வதேச நடைமுறைத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு, சுருக்கமாக ஐ.பி.எஸ்.சி., 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், வலிமை, வேகம் ஆகிய மூன்றும் சமநிலையில் இருக்க வேண்டும் என்பதே அமைப்பின் அடிப்படைக் கொள்கை. இதன் கைத்துப்பாக்கி உலகப் போட்டி 2022-இல் தாய்லாந்தின் பட்டாயா நகரில் நடந்தது.

புள்ளிகள் கணக்கிடப்படுவது எப்படி?

அட்டை இலக்கில் 'ஏ', 'சி', 'டி' என மூன்று மண்டலங்கள் உள்ளன. நடுவிலுள்ள 'ஏ' மண்டலத்தில் பட்டால் 5 புள்ளிகள். எஃகு இலக்கு கீழே விழுந்தால் 5 புள்ளிகள். தவறவிட்ட ஒவ்வொரு குண்டுக்கும் 10 புள்ளிகள் கழிக்கப்படும். சுடக் கூடாது எனக் குறிக்கப்பட்ட இலக்கில் பட்டாலும் அதே அளவு கழிவு உண்டு.

பெற்ற மொத்தப் புள்ளிகளை, எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண் 'ஹிட் ஃபேக்டர்' எனப்படுகிறது. அதிக எண் பெற்றவர் அந்தச் சுற்றின் முழுப் புள்ளிகளையும் பெறுவார். மற்றவர்களுக்கு அவரது எண்ணுடன் ஒப்பிட்டு விகிதப்படி புள்ளிகள் வழங்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு: 12 குண்டுகள் கொண்ட சுற்றில் அதிகபட்சம் 60 புள்ளிகள். முதல் வீரர் எல்லாக் குண்டுகளையும் 'ஏ' மண்டலத்தில் பதித்து 10 விநாடியில் முடித்தால் அவரது எண் 6.00. இரண்டாமவர் ஒன்பது குண்டுகளை 'ஏ'-யிலும் மூன்றை 'சி'-யிலும் பதித்து 54 புள்ளிகளை 8 விநாடியில் எடுத்தால் அவரது எண் 6.75. குறி சற்றுப் பிசகியபோதும் இரண்டாமவரே வெல்கிறார், முதலாமவருக்கு 53.33 புள்ளிகள் கிடைக்கும். அதே வேளையில், அவசரத்தில் ஒரே ஒரு குண்டைத் தவறவிட்டாலும் இந்த ஆதாயம் கரைந்துவிடும்.

தோட்டாவின் வலிமைக்கும் கணக்கு உண்டு

இந்த விளையாட்டின் தனித்தன்மை 'பவர் ஃபேக்டர்' எனப்படும் வலிமைக் காரணி. குண்டின் எடையைக் கிரெய்ன் அளவிலும் (ஒரு கிராம் ஏறத்தாழ 15.4 கிரெய்ன்), வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்ற அளவிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். 124 கிரெய்ன் எடையுள்ள 9 மி.மீ. குண்டு விநாடிக்கு 1,050 அடி வேகத்தில் சென்றால் வலிமைக் காரணி 130.

கைத்துப்பாக்கிப் போட்டியில் இந்த எண் குறைந்தது 125 இருக்க வேண்டும். 125-ஐ எட்டினால் 'மைனர்'. 'ஸ்டாண்டர்டு' போன்ற பிரிவுகளில் 170-ஐ எட்டினால் 'மேஜர்'. வலிமை மிகுந்த தோட்டாவின் உதைப்பைத் தாங்கிச் சுடுவது கடினம் என்பதால், 'மேஜர்' வகைக்குச் 'சி' மண்டலத்தில் 4, 'டி' மண்டலத்தில் 2 புள்ளிகள் தரப்படுகின்றன. 'மைனர்' வகைக்கு அவை முறையே 3, 1 மட்டுமே. 'ஏ' மண்டலத்துக்கு இருவகைக்கும் 5 புள்ளிகள்தான். குறி தவறாதவருக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல.

வீரர் சொல்லும் அளவை அப்படியே ஏற்பதில்லை. பெரிய போட்டிகளில் ஒவ்வொருவரிடமிருந்தும் மாதிரித் தோட்டாக்கள் எடுக்கப்படும். குண்டு ஒன்று எடைபோடப்படும். சில தோட்டாக்கள் வேகமானி முன் சுடப்படும். 125-க்குக் கீழே இறங்கினால் வீரர் தொடர்ந்து சுடலாம், ஆனால் புள்ளிகள் பதிவாகாது. பல நாடுகளில் வீரர்கள் காலி உறையில் மருந்தும் குண்டும் தாங்களே நிரப்பிக்கொள்வதற்குச் செலவுடன் இந்தத் துல்லியத் தேவையும் ஒரு காரணம்.

கருவிப் பிரிவுகள்

ஒரே போட்டியில் சாதாரணத் துப்பாக்கியும் மாற்றியமைக்கப்பட்ட துப்பாக்கியும் மோதுவதைத் தவிர்க்கப் பிரிவுகள் உள்ளன. 'ஓப்பன்' பிரிவில் ஒளிப்புள்ளிக் குறிகாட்டியும் உதைப்பைக் குறைக்கும் அமைப்பும் அனுமதிக்கப்படுகின்றன. 'புரொடக்‌ஷன்' பிரிவில் அங்கீகரிக்கப்பட்ட, தொழிற்சாலையில் தயாரான துப்பாக்கிகள் மட்டுமே; தொடக்கத்தில் மேகசினில் 15 தோட்டாக்களுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒளிக் குறிகாட்டியுடன் கூடிய 'புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ்', பழைய வடிவத் துப்பாக்கிகளுக்கான 'கிளாசிக்', 'ரிவால்வர்' ஆகியனவும் உண்டு.

எஃகு இலக்குப் போட்டியில் நேரமே புள்ளி

எஃகு இலக்குச் சுடுதலில் புகழ்பெற்றது 1981-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்டீல் சேலஞ்ச்'. இதில் கணக்கு எளிது. மொத்தம் எட்டுச் சுற்றுகள். அவற்றின் அமைப்பு எங்கு நடந்தாலும் மாறாது. ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து எஃகுத் தகடுகள். அவற்றில் ஒன்று 'நிறுத்தத் தகடு'. அதைக் கடைசியாகச் சுட வேண்டும்.

ஒவ்வொரு சுற்றையும் வீரர் ஐந்து முறை சுடுவார். அதிக நேரம் எடுத்த ஒரு முயற்சி நீக்கப்பட்டு, மீதி நான்கின் நேரம் கூட்டப்படும். 'அவுட்டர் லிமிட்ஸ்' என்ற சுற்றில் மட்டும் இடம்பெயர்ந்து சுட வேண்டியிருப்பதால் நான்கு முயற்சிகள். சிறந்த மூன்று கணக்கில் சேரும். தவறவிட்ட ஒவ்வொரு தகட்டுக்கும் 3 விநாடி கூடும். ஒரு முயற்சிக்கு உச்ச வரம்பு 30 விநாடி. எட்டுச் சுற்றுகளின் மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர்.

ஒரு வீரரின் ஐந்து முயற்சிகள் 3.2, 3.0, 2.9, 3.1, 6.4 விநாடிகள் என்றால், 6.4 நீக்கப்பட்டு 12.2 விநாடி பதிவாகும். ஒரு பிழையை விதி மன்னிக்கிறது. இரண்டாவது பிழையை மன்னிப்பதில்லை.

ஒரு தகடுகூடத் தவறாமல் முழுப் போட்டியையும் முடிக்கக் குறைந்தது 195 தோட்டாக்கள் தேவை. இதில் .22 தோட்டாவுக்கெனத் தனிப் பிரிவுகள் இருப்பது இந்திய வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

பாதுகாப்பு விதி மீறினால் உடனே வெளியேற்றம்

ஓடிக்கொண்டே சுடும் விளையாட்டு என்பதால் பாதுகாப்பு விதிகளில் தளர்வே கிடையாது. நடைமுறைச் சுடுதலில் துப்பாக்கி முனை அனுமதிக்கப்பட்ட கோணத்தைத் தாண்டித் திரும்பினாலும், நகரும்போதோ தோட்டா மாற்றும்போதோ விரல் விசை வளையத்துக்குள் இருந்தாலும், துப்பாக்கி கைநழுவி விழுந்தாலும் வீரர் போட்டியிலிருந்தே நீக்கப்படுவார். நடுவரின் கட்டளையின்றித் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்க முடியாது. அதற்கென ஒதுக்கிய பாதுகாப்புப் பகுதி மட்டும் விதிவிலக்கு. அங்கும் தோட்டாவைத் தொடக் கூடாது.

எஃகில் பட்ட குண்டு சிதறித் திரும்பி வரக்கூடும். அதனால் கைத்துப்பாக்கியால் 7 மீட்டருக்கும் குறைவான தொலைவிலிருந்து எஃகு இலக்கைச் சுடுவது வெளியேற்றத்துக்குரிய குற்றம். தகட்டைத் துளைக்கவோ தீப்பற்ற வைக்கவோ கூடிய தோட்டாக்களுக்கு இடமில்லை. கண், காதுப் பாதுகாப்பு பார்வையாளர்களுக்கும் தேவை.

இந்தியச் சட்டம் எங்கே குறுக்கிடுகிறது?

ஐ.பி.எஸ்.சி. கைத்துப்பாக்கி விதிப்படி அனுமதிக்கப்படும் மிகச் சிறிய தோட்டா '9x19' எனப்படும் 9 மி.மீ. வகை. உலகெங்கும் இந்தப் போட்டிகளில் பெரும்பாலோர் பயன்படுத்துவதும் இதுவே. ஆனால் இந்தியாவில் படைகளும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கி, பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகையில் வருகிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி மத்திய அரசின் சிறப்பு அனுமதியின்றி தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பின் இக்குற்றத்துக்கு 7 முதல் 14 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம்.

உரிமம் பெற்றோரிடம் இங்கு அதிகம் காணப்படுவது .32 வகை. அரசின் ஆயுதத் தொழிற்சாலைகள் தயாரித்துவரும் 'அஷானி' கைத்துப்பாக்கியும் 'நிர்பீக்' ரிவால்வரும் இந்த அளவிலானவை. .32 கைத்துப்பாக்கியின் வழக்கமான குண்டு 71 கிரெய்ன் எடையும் விநாடிக்குச் சுமார் 900 அடி வேகமும் கொண்டது. அதன் வலிமைக் காரணி ஏறத்தாழ 64. தேவையான 125-இல் இது பாதியளவே. .22 தோட்டா இதற்கும் கீழே. ஆகவே இந்தியர் ஒருவர் எளிதில் பெறக்கூடிய துப்பாக்கி, சர்வதேசப் போட்டி விதியில் அளவாலும் வலிமையாலும் தகுதி பெறுவதில்லை.

வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனிநபர் இறக்குமதி செய்வதற்கும் பல பத்தாண்டுகளாகக் கட்டுப்பாடு உள்ளது; தகுதிபெற்ற விளையாட்டு வீரர்களுக்கே விலக்கு கிடைக்கிறது. தோட்டா தயாரிப்பதற்கும் உரிமம் கட்டாயம் என்பதால், பிற நாட்டு வீரர்களைப் போல வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்ளும் வழியும் திறந்திருக்கவில்லை.

விளையாட்டு வீரர்களுக்குள்ள சலுகை

2019 டிசம்பர் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அதையடுத்து 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் விளையாட்டு வீரர்களுக்கான வரம்பை உயர்த்தியது. சர்வதேசப் பதக்கம் வென்றோர் 12 துப்பாக்கிகள் வரை கூடுதலாக வைத்திருக்கலாம். பயிற்சிக்கான ஆண்டுத் தோட்டா அளவும் உயர்ந்தது: .22 வகைக்கு 1,000-இலிருந்து 5,000. பிற கைத்துப்பாக்கி, ரிவால்வர்களுக்கு 600-இலிருந்து 2,000. ஷாட்கன் வகைக்கு 500-இலிருந்து 5,000.

ஆனால் இந்தச் சலுகைகளைப் பெறும் தகுதி, தேசிய ரைபிள் சங்கத்தின் போட்டிகளில் எடுக்கும் புள்ளிகளைக் கொண்டே அளக்கப்படுகிறது. புதிய வகை விளையாட்டை விரும்புவோரும் முதலில் வழக்கமான பிரிவுகளில் தேற வேண்டியிருக்கிறது.

எட்டக்கூடிய வழி எது?

இந்தியச் சட்டத்துக்குள் பொருந்தி வரக்கூடியது .22 துப்பாக்கியால் எஃகுத் தகடுகளைச் சுடும் வடிவம். இப்பிரிவில் வலிமைக் காரணிச் சோதனை இல்லை. தோட்டா தடைப் பட்டியலில் இல்லை. ஆண்டுக்கு 5,000 தோட்டா என்பது 25 முழுப் போட்டிகளுக்குச் சமம். விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் அதிவேகப் பிரிவிலும் .22 கைத்துப்பாக்கியால் ஐந்து இலக்குகளை 8, 6, 4 விநாடிகளுக்குள் சுட வேண்டும். அந்தத் திறன் இந்திய வீரர்களுக்குப் புதிதல்ல.

9 மி.மீ. கைத்துப்பாக்கியுடன் ஓடிச் சுடும் முழு வடிவம் இங்கு வளர வேண்டுமானால், விளையாட்டுக்கென மட்டும் விலக்கு அளிக்கலாமா, தோட்டாக்களை எங்கே பூட்டி வைப்பது, ஒவ்வொன்றுக்கும் யார் கணக்குக் காட்டுவது என்ற கேள்விகளுக்கு அரசு விடை சொல்ல வேண்டும். அதுவரை, ஆர்வமுள்ளோர் உரிமம் பெற்ற சங்கத்தில் சேர்ந்து, காற்றுத் துப்பாக்கியிலோ .22 வகையிலோ தொடங்குவதே சட்டத்துக்கு உட்பட்ட பாதை.