மருத்துவமனை ஊழியர்களே ஃப்ளூ தடுப்பூசிக்குத் தயங்குவது ஏன்?

ஃப்ளூ எனப்படும் இன்ஃபுளுயென்சா காய்ச்சலின் ஆபத்தை அன்றாடம் காணும் செவிலியர்களிலும் மருத்துவர்களிலும் ஒரு பகுதியினர் அதற்கான தடுப்பூசியைத் தவிர்ப்பதற்கு, அறியாமையைக் காட்டிலும் அனுபவத்தைத் தவறாகப் பொருள்கொள்வதே முக்கியக் காரணம் எனலாம். ஊசிவழி செலுத்தப்படும் தடுப்பூசியில் செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸோ அதன் புரதமோ மட்டுமே இருப்பதால் அது ஃப்ளூவை உண்டாக்க இயலாது. எனினும், நோயெதிர்ப்பு அமைப்பு தூண்டப்படும்போது ஓரிரு நாள் கைவலியும் இலேசான காய்ச்சலும் வரக்கூடும். வைரஸை முடக்கும் புரதங்களான எதிர்ப்பொருள்கள் போதிய அளவில் உருவாக ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும் என்பதால், அதற்குள் வேறொரு சளி வைரஸ் தொற்றினாலும் பழி ஊசியின்மீதே விழுகிறது.

தம் உடல் வலுவானது என்னும் நம்பிக்கை மற்றொரு காரணம். ஆனால், தொற்றுக்குள்ளானவர் அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்னரே வைரஸைப் பரப்பத் தொடங்கக்கூடும். முதிய நோயாளிகளின் உடலோ, தடுப்பூசி இட்டாலும் இளையோரைப்போல் வலுவான எதிர்ப்பாற்றலைப் பெரும்பாலும் உருவாக்குவதில்லை. ஊழியரின் தயக்கம் நோயாளிகளின் முடிவையும் தொடக்கூடும்: தடுப்பூசி குறித்த நோயாளிகளின் தயக்கம், மருத்துவர் நேரடியாகப் பரிந்துரைத்தால் பெரிதும் குறைகிறது. அந்த மருத்துவரே ஊசி இட்டுக்கொள்ளாதவராயின் பரிந்துரை எவ்வளவு அழுத்தமாக வரும் என்பது வேறு கேள்வி.

தயக்கத்தைக் கட்டாயத்தால் கடக்க முயன்றதும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2005இல் தடுப்பூசியைப் பணி நிபந்தனையாக்கியதும் அதை இட்டுக்கொண்ட ஊழியரின் விகிதம் 97 விழுக்காட்டைக் கடந்தது. செவிலியர் சங்கமோ அதை எதிர்த்து வென்று, தன் உறுப்பினர்களுக்கு விலக்குப் பெற்றது. ஆனால், அவர்களில் ஊசி மறுத்தவர்கள் முகக்கவசம் அணிய வேண்டியதாயிற்று.